ஆனையிறவில ஆனை எங்க?

யாழ்ப்பாணத்தில இருந்து வவுனியா பஸ்ஸில வரேக்க ஆனையிறவு தாண்டும்போது பஸ்ஸுக்குள்ள ஒரு சின்ன அமைதி வரும். நித்திரையில இருந்தவையும் ஒருக்கா கண் முழிச்சு வெளிய பார்ப்பினம். ரெண்டு பக்கமும் தண்ணி, உப்பளம், வெயில். எங்களை விட பத்து வயது மூத்தவைக்கு அந்த இடம் ஒரு முகாம், ஒரு சோதனைச்சாவடி, ஒரு யுத்தம். எங்கட வயதுக்காரருக்கு அது கேட்ட கதையும் பாதி ஞாபகமும். ஆனால் பெயரிலேயே இருக்கிற அந்த மிருகத்தை ஒருத்தரும் தேடுறதில்லை. போன வருசம் ஒரு பயணத்தில எங்கட வகுப்பில சின்னவன் ஒருத்தன் பகிடியாத்தான் கேட்டான்: "ஆனையிறவில ஆனை எங்க?" அந்தப் பகிடிக்குப் பின்னால நாங்கள் கொஞ்ச நாள் நூலகத்தில திரிஞ்சம். அதில கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை.

ஆனை இறங்கிக் கடக்கிற இடம் எண்டுதான் பெயருக்குப் பொதுவாக விளக்கம் சொல்லுவார்கள். வன்னிக் காட்டில பிடிச்ச யானைகளை ஆழமில்லாத கடல்நீரேரியால நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டு வந்த வழி அது. குடாநாட்டுக்கு ஏன் கொண்டு வரவேணும்? விக்கிறதுக்கு. யாழ்ப்பாணத்தில யானைச் சந்தை இருந்தது. அங்கயிருந்து ஊர்காவற்துறைக்குப் போய்க் கப்பல் ஏறும். ஊர்காவற்துறையை இங்கிலீசில கயிற்ஸ் எண்டு சொல்லுறமே, அது போர்த்துக்கேயர் வைச்ச பெயரின் மிச்சம். அவர்களின் மொழியில யானைத் துறை எண்டு ஒரு முழுப்பெயர் இருந்தது. காலப்போக்கில யானை விழுந்துபோய்த் துறை மட்டும் மிஞ்சிவிட்டது. யாழ்ப்பாண நகரத்துக்குள்ளேயே ஆனைப்பந்தி எண்டு ஒரு சந்தி இருக்கு. பந்தி எண்டால் மிருகம் கட்டுற கொட்டில். அந்தச் சந்தியால நாங்கள் எத்தினை தரம் சைக்கிளில போயிருப்பம்!

இந்த வியாபாரம் ஐரோப்பியர் தொடங்கினது இல்லை. அதை முதலில சொல்லிவிடவேணும், ஏனெண்டால் எல்லாத்தையும் வெள்ளைக்காரன் தலையில போட்டுவிட்டுத் தப்புறது எங்களுக்கு நல்லாப் பழகிப்போச்சு. இந்தத் தீவின் யானைகள் கப்பலில ஏற்றப்பட்டுக் கலிங்கத்து அரசனுக்கு விற்கப்பட்டன எண்டு ரோம எழுத்தாளர் ஈலியன் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாண அரசர்களும் விற்றார்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச போர்த்துக்கேயர் அதை எடுத்து நடத்தினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அதை ஒரு கணக்குப் புத்தகமாக மாற்றினார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில வன்னியர்கள் வருசா வருசம் திறையாகக் கொடுக்கவேண்டியது நெல்லோ காசோ இல்லை, யானை. இன்னாருக்கு இத்தனை எண்டு கணக்கு. யாழ்ப்பாணத்தில கொமாண்டராக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெகுரூன் 1697இல் தனக்குப் பின்னால வாறவர்களுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதி வைச்சார். அதில வன்னியர்கள் யானைத் திறையைச் சரியாகக் கட்டுறதில்லை, நிலுவை கூடிக்கொண்டு போகுது எண்ட புலம்பல் இருக்கு. வாசிக்கேக்க எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கடன் திருப்பிக் கட்டாதவரைப் பற்றி வங்கி மனேஜர் எழுதின மாதிரியே இருக்கும். ஆனால் யோசிச்சுப் பார்த்தால், அந்த நிலுவைக்குப் பின்னால ஒரு காடு இருக்குது. வன்னியர்கள் கள்ளம் பண்ணினார்களா, ஒல்லாந்தரை மதிக்கவில்லையா, இல்லாட்டி கேட்ட அளவுக்குக் காட்டில யானை பிடிபடவில்லையா? கொம்பனியின் கடிதத்தில இதுக்கு ஒரே ஒரு பதில்தான் வரும். சோம்பேறி வன்னியர்.

யானை பிடிச்ச ஆக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டால் எங்கட பாடப்புத்தகங்களில அவர்கள் இல்லை. பணிக்கர் எண்டு பெயர். வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஏறாவூர்ப் பணிக்கரைப் பற்றி இண்டைக்கும் கிழக்கில கதைப்பார்கள். மான்தோலில திரிச்ச கயிறோட ரெண்டு பேர் காட்டுக்குள்ள போவார்கள். யானைக்குப் பின்னால சத்தமில்லாமல் நடந்து, பின்னங்கால் தூக்கிற நேரம் பார்த்துச் சுருக்கை மாட்டி, மறு நுனியை மரத்தில கட்டிவிடுவார்கள். துவக்கு இல்லை, படை இல்லை. இதை விபரமாக எழுதி வைச்சது ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 தொடக்கம் 1850 வரைக்கும் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர், பிறகு இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1861இல் ஒரு தனிப் புத்தகமே போட்டவர். வியப்போடதான் எழுதியிருக்கிறார். பிடிக்கிற மனிதனுக்கு யானை உயிரோடு வேணும். அதின் உயரம், கால், நகம், பழக்கம் எல்லாம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கவேணும். அது இரக்கம் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. பிடிபட்டுக் கட்டிக் கிடந்து செத்த யானைகளின் கணக்கு எந்தப் பாட்டிலயும் வராது. ஆனால் அடுத்து வந்தது முற்றிலும் வேறை.

அதே டெனன்டின் புத்தகத்திலதான் நாங்கள் திகைச்சு நிண்ட வரியும் இருக்கு. யானையைக் கொன்றால் தலைக்குச் சில சிலிங் சன்மானம் எண்டு ஆங்கில அரசாங்கம் அறிவிச்சிருந்தது. 1848க்கு முந்திய மூன்று வருசத்துக்கும் குறைவான காலத்தில, வட மாகாணத்தின் ஒரு பகுதியில மட்டும், 3,500 யானைகளுக்கு இந்தச் சன்மானம் கேட்கப்பட்டது. பிறகு 1851க்கும் 1856க்கும் இடையில தென் மாகாணத்தில காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவில 2,000. எழுதினவர் அந்தச் சன்மானத்தைக் கொடுத்த அரசாங்கத்திலேயே பெரிய பதவியில இருந்தவர், அதனால கூட்டிச் சொல்லவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

ஒண்டைக் கவனிக்கவேணும். அந்தக் காலத்து வட மாகாணம் இண்டைய வட மாகாணம் இல்லை. 1873இல் வடமத்திய மாகாணம் பிரிக்கப்படும் வரைக்கும் அனுராதபுரப் பக்கமும் அதுக்குள்ளதான் இருந்தது. அப்படியெண்டாலும், 2011இல் வனசீவராசிகள் திணைக்களம் முழு இலங்கையிலும் யானைகளை எண்ணினபோது வந்த தொகை 5,879. ஒரு மாகாணத்தின் ஒரு பகுதியில மூன்று வருசத்துக்குள்ள 3,500.

ஏன் கொன்றார்கள்? தந்தத்துக்கு எண்டு நினைக்கிறது பிழை. இலங்கையில பெண் யானைக்குத் தந்தம் இல்லை, ஆண்களிலும் மிகச் சிலதுக்குத்தான். பயிருக்குச் சேதம் எண்டது ஒரு காரணம். இன்னொண்டு, மலைநாட்டில காடு வெட்டிக் கோப்பி போட்ட காலம் அது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தோட உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசாங்கத்துக்குப் போனது, அங்கயிருந்து தோட்டக்காரருக்குப் போனது. யானைக்கு உறுதி இருக்கிறதா என்ன? அந்தத் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவில இருந்து வந்த சனம் மன்னார்க் கரையில இறங்கி, அந்தக் காடுகளுக்குள்ளால மாத்தளைக்கு நடந்தது. பசியிலயும் காய்ச்சலிலயும் வழியில செத்தவர்களுக்கு யாரும் தலைக்கு இத்தனை எண்டு எண்ணி எழுதவில்லை. மலையகத் தோழர்கள் எங்களோட படிக்கிறார்கள், அவர்களில ஒருத்தர் சொன்னார்: "எங்கட ஆக்களும் யானையும் ஒரே பாதையிலதான் செத்திருக்கினம் போல."

மூன்றாவது காரணம் விளையாட்டு. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் எண்டு பதுளைப் பக்கம் இருந்த ஒரு அதிகாரி 1,400க்கு மேல யானைகளைச் சுட்டதாக டெனன்ட் எழுதுகிறார். 1845இல் அப்புத்தளையில இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில இருக்கு. அந்தக் கல்லறைக்கும் திரும்பத் திரும்ப இடி விழுந்தது எண்டு ஊரில ஒரு கதை. உண்மையோ பொய்யோ, அந்தக் கதையைக் கட்டின சனத்தின் மனது எங்களுக்கு விளங்குது.

பிறகுதான் 'பாதுகாப்பு' வருகிறது. 1894இல் தோட்டத்துரைமார்களும் வேட்டைக்காரரும் சேர்ந்து வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கிற சங்கம் ஒண்டைத் தொடங்கினார்கள். சுடுறதுக்கு மிருகம் மிஞ்சவேணும் எண்ட கவலை அதில பெரிசு. யால ஒதுக்கிடத்துக்குப் பக்கத்தில துரைமார் சுடுறதுக்கெண்டே தனிக்காடு ஒதுக்கப்பட்டிருந்தது. அதே நேரம் கிராமத்தான் பன்றிக்குச் சுட்டால் அவன் சட்டவிரோத வேட்டைக்காரன். 1937இல் தாவர விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்தும் தேசிய பூங்காக்கள் ஆகின, எங்கட பக்கத்தில சுண்டிக்குளம் சரணாலயமானது. இந்தச் சட்டம் இல்லாட்டி இண்டைக்கு மிஞ்சியிருக்கிறதும் மிஞ்சியிருக்காது, அதை மறுக்க ஏலாது. ஆனால் அதுக்குள்ள ஒரு யோசனையும் சேர்ந்து வந்தது. காடு யானைக்கு, ஊர் மனிதனுக்கு, நடுவில ஒரு கோடு.

அந்தக் கோடு யானைக்குத் தெரியாது எண்டது பழைய பகிடி. உண்மையில விசயம் அதை விட ஆழமானது. இலங்கை யானைக்கு அடர்ந்த பெருங்காடு அவ்வளவு விருப்பமில்லை. வெட்டி எரிச்சு, ரெண்டு போகம் விதைச்சு, பிறகு விட்டுவிட்டுப் போன சேனையில முளைக்கிற புல்லும் பற்றையும்தான் அதுக்கு நல்ல சாப்பாடு. கோடையில குளத்துத் தண்ணி வத்தேக்க அடியில வாற பச்சைப் புல்லும் அப்படித்தான். சேனையும் குளமும் மனிதன் செய்தவை. அதாவது வன்னியில யானை இவ்வளவு இருந்ததுக்கு மனிதர்கள் இருந்ததும் ஒரு காரணம். யானையும் சும்மா திண்டுவிட்டுப் போகாது. விளாம்பழத்தை விழுங்கி, விதையைக் கிலோமீற்றர் கணக்கில கொண்டுபோய் லத்தியோட போடும். காட்டுக்குள்ள அது உடைச்ச வழியாலதான் மானும் மரையும் போகும். 2021இல் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் கூட்டாளிகளும் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி இலங்கை நிலத்தில ஏறத்தாழ 60 சதவீதத்தில யானை நடமாடுது, அந்த நிலத்தின் 69 சதவீதத்தில மனிதர்களும் குடியிருக்கிறார்கள். பூங்காவுக்குள்ள யானை எண்ட படம் பள்ளிக்கூடச் சுவருக்கு மட்டும்தான்.

ஆனாலும் எத்தினையோ வருசமாக யானைகளைத் துரத்திப் பூங்காக்களுக்குள்ள அடைக்கத்தான் பார்த்தார்கள். மின்வேலி பல இடங்களில வனசீவராசிகள் திணைக்களக் காட்டுக்கும் வனத் திணைக்களக் காட்டுக்கும் நடுவில நிக்குது. வேலிக்கு ரெண்டு பக்கமும் யானை! 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். கட்டுத்துவக்கு, ஹக்கபட்டாஸ், மின்சாரம், ரயில். இந்தச் செய்திகள் வரும்போது கொழும்பில இருந்து எழுதுறவர்கள் அனேகமாகக் கமக்காரனைத்தான் திட்டுவார்கள். ஒரு காலத்தில 3,500 யானைக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு அரசாங்கம் எண்டது அந்தப் பதிவுகளில வராது.

எங்கட தோழி ஒருத்தியின் வீடு முல்லைத்தீவுப் பக்கம். 2010இல் மீளக் குடியேறிப் போனபோது வயல் எங்க, காடு எங்க எண்டு தெரியாமல் எல்லாம் பற்றை மூடியிருந்ததாம். சனம் இல்லாத வருசங்களில அங்க யானைதான் குடியிருந்தது. அதுக்கும் அந்த யுத்தம் சும்மா விடவில்லை. பின்னவலையில மிதிவெடியில காலை இழந்த யானை ஒண்டை நாங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில பார்த்திருக்கிறம், அப்ப அதுக்குக் கிட்ட நிண்டு படம் எடுத்ததுதான் ஞாபகம். தோழியின் அப்பா இப்பவும் மாசி மாதத்தில இரவிரவாகப் பரணில இருக்கிறார். ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரே இரவில அரை ஏக்கர் நெல் போனது. இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்த படிவம் எந்த மேசையில கிடக்குதோ தெரியாது. அறுவடை முடிய கழட்டி வைக்கிற மாதிரி, வயலைச் சுத்தி ஊரே சேர்ந்து போடுற பருவகால வேலிகளைப் பற்றி அவருக்கு நாங்கள் சொன்னம். வேறை மாவட்டங்களில இது நல்லா வேலை செய்திருக்கு. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பியவை, கம்பிக்கு ஆர் காசு தாறது?" எண்டு மட்டும் கேட்டார்.

போன தைக்கு நாங்கள் நாலு பேர் அங்க போய் ஒரு இரவு நிண்டம். ரெண்டு மணி போல குளக்கட்டுப் பக்கம் பற்றை முறியிற சத்தம் கேட்டது. இரவில ஆனை எண்டு பெயர் சொல்லக்கூடாதாம், அந்த வீட்டில 'பெரியவர்' எண்டுதான் சொல்லுவினம். ஐயா வெடியைக் கையில எடுத்துவிட்டு, கொளுத்தாமல் ரோச் லைட்டை மட்டும் அடிச்சார். இருட்டுக்குள்ள ஒரு பெரிய இருட்டு நிண்டது. "போ ராசா, இது ஒண்டும் உன்ர இல்லை, போ," எண்டு சின்னப் பிள்ளையோட கதைக்கிற மாதிரிச் சொன்னார். அது கொஞ்ச நேரம் நிண்டுபோட்டு, குளத்துப் பக்கமாகவே திரும்பிப் போனது. அவர் வெடியைப் பொலித்தீன் பையில சுத்தித் திரும்ப வைச்சார். விடியிறதுக்கு இன்னும் மூண்டு மணித்தியாலம் இருந்தது.