மதிமுகமா, முகமதியா?

கோத்தா திங்கி: அணி இலக்கணத்தில் மாணவர்களை அதிகம் குழப்புபவை உவமையும் உருவகமும்தான். ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று மனனம் செய்துகொண்டு தேர்வுக்குப் போகிறார்கள். அங்கேதான் சறுக்குகிறார்கள். (படிவம் ஐந்தில் நானும் சறுக்கினேன்.)

‘மதிமுகம்’ என்பதில் ‘போல’ இல்லை. ஆனாலும் அது உருவகமன்று. ‘மதி போன்ற முகம்’ என விரியும் உவமைத்தொகை. அதையே திருப்பி ‘முகமதி’ என்றால் ‘முகமாகிய மதி’ என விரியும். இதுவே உருவகம்.

நம்மூரையே எடுத்துக்கொள்வோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளம் கோத்தா திங்கியை மூழ்கடித்தது. ‘வெள்ளம் பாம்புபோல் ஊர்ந்து வீட்டுக்குள் நுழைந்தது’ என்றால் உவமை. ‘வெள்ளப் பாம்பு வீட்டுக்குள் நுழைந்தது’ என்றால் உருவகம்.

அடுத்துக் குழப்புவது தற்குறிப்பேற்றம். நீர்வீழ்ச்சி இயல்பாகவே விழுகிறது. தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளை எண்ணி மலை கண்ணீர் விடுகிறது என்று எழுதினால், அது தற்குறிப்பேற்றம். இயல்பான நிகழ்வு எது, கவிஞர் அதன்மேல் ஏற்றிய காரணம் எது என இரண்டையும் விடையில் காட்டுங்கள். அணியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள்.

தண்டியலங்காரம் 35 பொருளணிகளைக் கூறுகிறது. அதற்கும் மூத்த தொல்காப்பியம், வினை, பயன், மெய், உரு என உவமையை நான்காகப் பிரிக்கிறது. மேலே சொன்ன பாம்பு உவமை, ஊர்ந்து வரும் செயலை ஒப்பிடுவதால், வினையுவமை.