புல் வெட்டும் இயந்திரத்தின் கதை: கம்பளி ஆலையிலிருந்து டிராக்டரின் வயிற்றுக்கு

அமெரிக்காவில் இரண்டு மூன்று ஏக்கர் நிலத்தோடு வீடு வைத்திருப்பவர்கள் பலர் காம்பாக்ட் டிராக்டர் எனப்படும் சிறிய டிராக்டரை வைத்திருக்கிறார்கள். அதன் வயிற்றுப் பகுதியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கவிழ்த்து வைத்த பெரிய தாம்பாளம் போல ஒரு இரும்புப் பெட்டி தொங்கும். அதுதான் மோவர் டெக். அதைச் சுரண்டு, கிரீஸ் அடி, பிளேடைச் சாணை பிடி, மட்டம் பார் என்று இயந்திரத்தோடு வரும் கையேடு பக்கம் பக்கமாகச் சொல்லும். இந்த வேலைகள் எங்கிருந்து வந்தன? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

ஆலையில் பிறந்த யோசனை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்துப் பிரபுக்களின் புல்வெளிகளை நீண்ட கைப்பிடி கொண்ட அரிவாளால்தான் வெட்டினார்கள். அதற்குக் கைதேர்ந்த ஆட்கள் பலர் தேவைப்பட்டனர். குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் நகரை ஒட்டிய பகுதி கம்பளித் துணிக்குப் பேர் போனது. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் மயிரைச் சீராக வெட்ட, அங்கிருந்த ஆலைகளில் சுழலும் உருளைக் கத்திகள் இருந்தன. எட்வின் பட்டிங் என்ற இயந்திரக் கைவினைஞர் அதைப் பார்த்தார். துணியின் மயிரை வெட்டும் கத்தி புல்லை வெட்டாதா என்று யோசித்தார்.

1830 ஆகஸ்ட் 31 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 19 அங்குல அகலம் வெட்டும் இரும்பு இயந்திரம் அது. பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும். பின் உருளை உருளும்போது பற்சக்கரங்கள் வழியாக முன்னால் இருக்கும் கத்தி சுழலும். புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்பதை மாற்றிக்கொள்ளும் வசதியும் அப்போதே இருந்தது. அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பட்டிங் இரவில்தான் அதைச் சோதித்துப் பார்த்தார் என்று ஒரு கதையும் உண்டு.

முதல் போட்டவர் ஜான் ஃபெராபி என்ற வார்ப்பாலை உரிமையாளர். தயாரிக்கும் உரிமையும், பிறருக்கு உரிமம் கொடுக்கும் உரிமையும் அவரிடம் போயின. 1832இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரிக்கத் தொடங்கியது. இயந்திரம் உலகம் முழுவதும் பரவுவதைப் பார்க்காமலேயே 1846இல் பட்டிங் இறந்துபோனார்.

குதிரைக்குச் செருப்பு

அடுத்த கேள்வி, இதை இழுப்பது யார்? பெரிய புல்வெளிகளில் குதிரையைப் பூட்டினார்கள். குளம்பு பட்டுப் புல்தரை குழியாகாமல் இருக்க, குதிரையின் கால்களுக்குத் தோல் காலணி மாட்டினார்கள். பிறகு நீராவி வந்தது. 1902இல் ரான்சம்ஸ் பெட்ரோல் எஞ்சினில் ஓடும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இழுப்பது மாறியதே தவிர வெட்டும் முறை மாறவில்லை. உருளைக் கத்தி, கீழே உள்ள நிலையான தகட்டோடு உரசி, கத்தரிக்கோல் போலத்தான் வெட்டியது. வெட்டு அழகாக இருக்கும். ஆனால் இரண்டு கத்திகளும் ஒரே சீராகத் தொட வேண்டும். ஒரு கல் சிக்கினால் போதும், சாணை பிடிப்பவரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

சுழலும் பிளேடு

இதற்கு மாற்று 1930களில் இங்கிலாந்தில் வந்த ரோட்டோசைத் போன்ற இயந்திரங்கள். இதில் பிளேடு மின்விசிறி போலத் தரைக்கு இணையாகச் சுழலும். 1952இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன், பழைய பீச் பழ டப்பாவைப் பெட்ரோல் டேங்காக வைத்து ஒரு மாதிரியைச் செய்தார். அதிலிருந்து பிறந்ததுதான் விக்டா. மலிவான, எளிமையான இயந்திரம்.

இந்த முறையில் பிளேடு புல்லைக் கத்தரிப்பதில்லை, வேகத்தால் அடித்து அறுக்கிறது. கல்லில் பட்டால் அதையும் குண்டு போல வீசிவிடும். அதனால் மூடி கட்டாயமாயிற்று. அந்த மூடிதான் டெக். அது வெறும் மூடியும் அல்ல. பிளேடின் பின் ஓரம் மேல்நோக்கி வளைந்திருக்கும். அது சுழலும்போது எழும் காற்று புல்லை நிமிர்த்திவிடும், வெட்டிய புல்லை வெளியே தள்ளும்.

டிராக்டர் குட்டியானது

1918இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் 8-16 டிராக்டரில், எஞ்சின் சக்தியைப் பிற கருவிகளுக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டை வைத்தது. அதே நிறுவனம் 1947இல் ஃபார்மால் கப் என்ற சிறிய டிராக்டரையும், 1961இல் வீட்டுத் தோட்டத்துக்கான கப் கேடட்டையும் கொண்டுவந்தது. 1969இல் ஜப்பானின் குபோட்டா அமெரிக்கச் சந்தையில் நுழைந்தது. இன்றைய காம்பாக்ட் டிராக்டர்கள் பலவற்றில் நடுவிலுள்ள பி.டி.ஓ. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழன்று டெக்கை ஓட்டுகிறது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. விரல்களையும் கால்களையும் இழந்தவர்கள் பலர். அமெரிக்காவில் 1982 முதல், தள்ளிச் செல்லும் இயந்திரத்தின் பிடியை விட்டால் 3 வினாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்ற விதி வந்தது. பிளேடு முனையின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தர விதி சொல்கிறது. அதுவே மணிக்கு சுமார் 347 கிலோமீட்டர்!

பராமரிப்பு என்ற பாடம்

இப்போது கையேட்டின் வரிகள் புரியும். டெக்கின் அடியில் ஈரப்புல் ஒட்டினால் காற்று ஓடும் வழி அடைபடும், இரும்பும் துருப்பிடிக்கும். ஆகவே சுரண்ட வேண்டும். பிளேடின் இரு முனைகளையும் சம அளவில் சாணை பிடிக்காவிட்டால் அதிர்வு ஏற்பட்டு பேரிங் போய்விடும். எனவே பிளேடின் நடு ஓட்டையை ஒரு ஆணியில் மாட்டி, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். டயர்களின் காற்றைச் சரிசெய்த பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அளவே பொய். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். விரல்களை இழந்தவர்கள் விட்டுச் சென்ற பாடம் அது.

முன்பு புல்வெளியைக் காத்தவர் தோட்டக்காரர், கத்தியைக் காத்தவர் சாணைக்காரர். மலிவான இயந்திரம் இரண்டு வேலையையும் உரிமையாளரின் தலையிலேயே வைத்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் ஆண்டுதோறும் ஒரே அளவாக எழுதப்படலாம். ஆனால் டெக்கின் அடியில் நடக்கும் தேய்மானம் அப்படி நடப்பதில்லை. கவனிப்பவனிடம் மெதுவாகவும், கவனிக்காதவனிடம் வேகமாகவும் நடக்கிறது.