சிவகாசித் தொழில்களும் கோடைப் பருவமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் மறுபுறமே இறக்கிவிட்டு வறண்டு வந்து சேரும் மழைமறைவுப் பகுதியில், சிவகாசியை உள்ளடக்கிய விருதுநகர் மாவட்டம் அமைந்துள்ளது. ஆண்டு மழையின் பெரும்பங்கை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே தருவதால், கோடையில் வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் பெரும்பாலும் மணலாகவே கிடக்கின்றன.

பங்குனியில் ஏறத் தொடங்கும் வெப்பம், மே மாதத் தொடக்கம் முதல் ஏறத்தாழ 25 நாள் நீடிக்கும் அக்கினி நட்சத்திரக் காலத்தில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செல்வது வழக்கம். ஏப்ரல், மே மாதங்களில், நிலச் சூட்டால் மேலெழும் காற்று பிற்பகலில் மேகமாகத் திரண்டு இடியுடன் பொழியும் கோடை மழை, ஓர் ஊரை நனைத்து அடுத்த ஊரை விட்டுவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேரளம் நனைந்துகொண்டிருக்க, சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கரிசல் காட்டில் மேல்காற்றே மிகுதியாக வீசும்.

மழையை மட்டுமே நம்பிய மானாவாரி வேளாண்மை ஆண்டு முழுதும் வேலை தராத இச்சூழலில், 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மெழுகிலும் மருந்திலும் முக்கிய குச்சிகள் விரைவில் உலர வறண்ட காற்று உதவியது. விளைச்சல் பொய்த்த ஊர்கள் கூலியாட்களைத் தந்தன. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிம முறையைக் கொண்டுவந்தபின், பட்டாசு ஆலைகளும் இங்கே முறையாக வேரூன்றின.

எனினும், திரியையும் மருந்தையும் காயவைக்கும் அதே வறட்சி, உராய்வாலும் நிலைமின்னாலும் தீப்பற்றும் வாய்ப்பைக் கூட்டுகிறது. கோடை மழையும் தீங்கற்றதன்று: அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் புகுந்தால், வேதிவினையால் ஹைட்ரஜன் வாயுவும் வெப்பமும் உண்டாகிக் கலவை தானே பற்றக்கூடும். ஆகவேதான் மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடிப்பதும், மீந்த கலவையை இரவு முழுதும் வைக்காதிருப்பதும் பாதுகாப்பு நெறிகளாயின.

ஆயினும் பருவநிலையே அனைத்தையும் தீர்மானித்தது என்பது பொருந்தாது. வறண்ட நிலம் தமிழகத்தில் வேறு பல இடங்களிலும் உண்டு. தொழிலைத் தேடிச் சென்று கற்றுவந்த முயற்சியும் முதலீடும் சேர்ந்ததால்தான் அது சிவகாசியில் நிலைத்தது. விபத்துகளும் கோடையில் மட்டும் நிகழ்வதில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட, சிவகாசி அருகிலுள்ள முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்து 2012 செப்டம்பர் 5 அன்று, தீபாவளிக்கு முந்தைய உற்பத்தி மும்முரத்தில் நிகழ்ந்தது. 2021இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நேர்ந்த பெருவிபத்து பிப்ரவரி மாதத்தது. வெயில் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மையே. ஆனால் விபத்துகளுக்கு வெயிலை மட்டும் காரணம் காட்டுவது, விதிமீறலையும் அவசர உற்பத்தியையும் மறைப்பதாகவே முடியும்.