ஆய்வுகூடக் கரைசலும் நொதியத் தொழிற்பாடும்

உயிர்க்கலங்களின் மின்னியல்பை ஆராய்வோர் மின்வாயிலும் அளவுகருவியிலுமே பெரிதும் கருத்தூன்றுவர். கரைசலோ வெறும் பின்னணியாகக் கொள்ளப்படும். இந்நோக்குப் போதாதென்பதற்கு உடற்றொழிலியல் வரலாறே சான்றாகும்.

1883 இல் இலண்டனிலே சிட்னி றிங்கர், தவளையின் இதயத்தைத் துடிக்கவைத்த தமது உப்புக்கரைசல் குழாய்நீரில் ஆக்கப்பட்டிருந்தமையைக் கண்டறிந்தார். காய்ச்சி வடித்த நீரில் ஆக்கிய கரைசலில் இதயம் விரைவில் ஓய்ந்தது. குழாய்நீரிலிருந்த கல்சியமே அதனை இயக்கியிருந்தது. கணக்கில் எடுக்கப்படாத பொருளே விளைவை ஆக்கலாம் என்னும் இப்பாடம், நூறாண்டுகளின் பின்னர் நொதியத்துறையில் மீண்டும் கற்கப்பட்டது.

1965 இல் தசாக்கியும் உடனாய்வாளரும் கணவாயின் பெரும் நரம்பு நாரினுள்ளே பல்வேறு உப்புக்கரைசல்களைச் செலுத்தினர். நாரின் அருட்டப்படுதன்மையைப் பேணுவதிற் புளோரைட்டு அயனே சிறந்து நின்றது. 1975 இல் கீவ் நகரிலே கொஸ்ரியுக் குழுவினர் நத்தையின் நரம்புக்கலத்தினுள் புளோரைட்டைச் செலுத்தியபோது கல்சிய மின்னோட்டம் ஒடுங்கியது. இவ்வாறு புளோரைட்டு உட்கரைசல்களில் நிலையான இடம்பெற்றது.

ஆயின் அது நொதியங்களைத் தீண்டாத அயன் அன்று. சக்கர ஏ.எம்.பி. ஆக்கும் நொதியத்தைப் புளோரைட்டு தூண்டுமென்பதை றோலும் சதர்லாந்தும் 1958 இலேயே கண்டிருந்தனர். அத்தூண்டலின் மறைபொருளை 1982 இல் ஸ்ரேண்வைசும் கில்மனும் வெளிப்படுத்தினர். அந்நொதியத்தை ஆளும் புரதத்தைத் தூய்மையாக்கியபோது, புளோரைட்டும் மகனீசியமும் மட்டும் போதவில்லை. மூன்றாவது பொருளொன்று வேண்டியிருந்தது. அது அலுமினியம். அதனை எவரும் சேர்க்கவில்லை. கண்ணாடிச் சோதனைக் குழாய்களிலிருந்தும் விலைக்கு வாங்கிய நியூக்கிளியோரைட்டுகளிலிருந்தும் அது வந்திருந்தது. அலுமினியமும் புளோரைட்டும் சேர்ந்த அயன், ஜீ.ரி.பி.யின் ஈற்றுப் பொசுபேற்றுப் போன்று அமைந்து ஜீ புரதத்தைத் தூண்டுகின்றது.

இதன் முக்கியத்துவம் நொதியவியலோடு அமைவதன்று. நேயர், சாக்மன் முதலியோர் 1981 இல் விளக்கிய முழுக்கலப் பதிவு முறையில், கண்ணாடி நுண்குழாயின் கரைசல் கலத்தினுள்ளே பரவுகின்றது. ஜீ புரதம் தூண்டப்பெறின் சக்கர ஏ.எம்.பி. பெருகலாம், அதனால் இயங்கும் நொதியம் அயன் கால்வாய்களிற் பொசுபேற்றைச் சேர்த்து மின்னோட்டத்தை மாற்றலாம். ஆய்வாளர் கலத்தின் இயல்பெனப் பதிவது, தாமே புகுத்திய கரைசலின் விளைவாக இருத்தல் கூடும்.

இதனாற் புளோரைட்டை முற்றாக விலக்கவேண்டுமென்பதில்லை. சோடியக் கால்வாய் ஆய்வுகளில் அது இன்றும் பயன்படுகின்றது. புளோரைட்டற்ற கரைசலிலும் அதே பரிசோதனையைச் செய்து ஒப்பிடுதலே வேண்டுவது. றிங்கர் நீரை மாற்றிப் பார்த்தமையாலன்றோ கல்சியத்தின் பணி வெளிப்பட்டது!