நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று

கல்கிசை ஊடாகச் செல்லும் காலி வீதியில் ஒரு காலத்தில் ஓடிய பிரித்தானியச் சிறுகார்களுள் மொரிஸ் மைனரும் மினியும் ஒரே வடிவமைப்பாளரின் படைப்புகள் என்பது அவற்றின் தோற்றத்தைக் கொண்டு ஊகிக்கக்கூடியதன்று. அலெக் இசிகோனிஸ் 1948இல் வெளிவந்த மைனரில் இயந்திரத்தை நெடுக்குவாட்டில் இருத்தி, அதன் பின்னே கியர்பெட்டியையும், அங்கிருந்து பின்னச்சுக்கு விசையைக் கடத்தும் நீண்ட சுழல்தண்டையும் பொருத்தி, அன்று வழமையாயிருந்த பின்சக்கர இயக்கத்தையே கைக்கொண்டார். 1956இன் சுயஸ் நெருக்கடி பெற்றோலை அரிதாக்கிய சூழலில் உருவாகி, 1959 ஆகஸ்டில் அறிமுகமான மினியிலோ, மைனர் 1952 முதல் பெற்றிருந்த அதே ஏ வரிசை இயந்திரத்தின் 848 கன சென்ரிமீற்றர் வடிவத்தைக் குறுக்காகத் திருப்பி, கியர்பெட்டியை அதன் அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டிக்குள் அடக்கி, முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும்படி செய்தார்.

இதனால் 3 மீற்றரைச் சற்றே விஞ்சிய நீளத்தில் நால்வர் அமர இடம் கிடைத்தது. அதற்கான விலையை மெக்கானிக்கே செலுத்தினார். மைனரின் கியர்பெட்டியை இயந்திரத்தை அசைக்காமல் கழற்றலாம், மினியிலோ இரண்டையும் சேர்த்தே தூக்கியெடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்புறக் கிராதியை நோக்கியிருந்ததால், தொடக்ககால மினிகள் மழையில் நனைந்து நின்றுபோயின. பருவமழை நாட்டுக்கு இது சிறிய குறையன்று. கடலோர உப்புக்காற்று மட்டும் இரண்டின் தகட்டையும் பாரபட்சமின்றி அரித்தது.

எனினும் இலங்கையில் மைனர் பெருகியதற்குப் பொறியியல் மட்டும் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, மைனர் ஏற்கெனவே பத்தாண்டுக்கு மேலாக வந்து சேர்ந்திருந்தது. மினிக்கோ கதவு திறந்திருந்தது சொற்ப காலமே. இந்த வேறுபாடு இலக்கத்தகடுகளிலும் பதிந்துள்ளது. மூத்த மைனர்கள் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என, சிலோன் என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து அமைந்த இணைகளைத் தாங்கின. மினி வந்தபோதோ, 1958இல் தமிழர் தார் பூசி எதிர்த்த சிங்கள ஸ்ரீ எழுத்து நடைமுறைக்கு வந்துவிட்டது. மஞ்சள் கூரையுடன் கொழும்பில் வாடகைக்கு ஓடிய மைனர்கள், புதிய வண்டி கிடைக்காத அந்த ஆண்டுகளில் பஞ்சிகாவத்தைக் கடைகளின் பழைய உதிரிப்பாகங்களால் உயிர் தரித்தன.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் ஜப்பானியக் கார்கள் பெருகின. அவற்றுள் 1981இல் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிய நிசான் சனி, இயந்திரத்தை மினியைப் போலவே குறுக்காக வைத்திருந்தது. கியர்பெட்டியை மட்டும் எண்ணெய்த் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, இயந்திரத்தின் பக்கவாட்டில் பொருத்தியிருந்தது.