டில்லி எவ்வளவு தூரம்?

அம்மையார்குப்பம் மாதிரி எல்லை ஊர்கள்ல தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில உட்கார்ந்து பேசும். அதனால சில பழமொழிகள் தெலுங்குலயே புழங்கும். அதுல ஒண்ணு: "டில்லிக்கி ராஜைனா தல்லிக்கி கொடுக்கே". டில்லிக்கே ராஜாவானாலும் தாய்க்குப் பிள்ளைதான்னு அர்த்தம். நம்ம ஜனங்க மனசுல டில்லிங்கிறது எவ்வளவு தூரத்துல, எவ்வளவு உசரத்துல இருந்திருக்கு பாருங்க!

வடக்கேயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு: "டில்லி இன்னும் தூரம்". சுல்தான் கியாசுதீன் துக்ளக்குக்கும் சூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியாவுக்கும் ஆகவே ஆகாது. வங்காளப் படையெடுப்பை முடிச்சுட்டுத் திரும்பி வர்ற சுல்தான், வந்ததும் உங்களை ஒரு கை பார்ப்பார்னு சீடர்கள் பயந்தாங்களாம். அதுக்கு அவர் சொன்ன பதில்தான் இதுன்னு கதை. 1325-ல் சுல்தான் டில்லி வாசல் வரைக்கும் வந்தார். வரவேற்புக்குப் போட்ட மர மண்டபம் சரிஞ்சு விழுந்து செத்துப் போனார். இன்னிக்குத் தெற்கேயிருந்து போற பல ரயில்கள் நிக்கிற ஸ்டேஷனுக்கு அந்த ஞானியோட பேர்தான், ஹஜ்ரத் நிஜாமுத்தீன். சுல்தான் பேர்ல துக்ளகாபாத்னு ஒரு இடிஞ்ச கோட்டை கிடக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க பெரிய மாமாவோட டில்லி போயிட்டு வந்தேன். ஆயுசு முழுக்கத் தறியில உட்கார்ந்தவர். "செங்கோட்டையை டீவியில பார்த்தாச்சு. நம்ம ஊரை மாத்தினாங்களே, அந்த இடத்தைக் காட்டு, போதும்"னார். அது என்ன மாத்தினதுன்னு கேக்குறவங்களுக்குக் கீழே சொல்றேன்.

சென்னை சென்ட்ரல்லேர்ந்து டில்லி சுமார் 2,180 கி.மீ. ஜி.டி. எக்ஸ்பிரஸ் 1929-ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் நடுவுல ஓடத் தொடங்கின வண்டி. அப்புறம்தான் மெட்ராஸ் - டில்லின்னு ஆச்சு. 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது. நாங்க அதுலதான் போனோம். ரெண்டு ராத்திரி, ஒரு முழுப் பகல். விஜயவாடா, நாக்பூர், போபால், ஜான்சி, ஆக்ரான்னு பாதி இந்தியாவை ஜன்னல்லயே பார்த்துடலாம்.

டில்லியை ஒரே ஊருன்னு நினைச்சுக்கிட்டுப் போனா குழம்பிடுவோம். ஒவ்வொரு ராஜாவும் பழசை விட்டுட்டுப் பக்கத்துல புதுசா ஒரு ஊர் கட்டியிருக்காங்க. தெற்குக் கோடியில குதுப் மினார். 12-ம் நூற்றாண்டுக் கடைசியில குத்புதீன் ஐபக் ஆரம்பிச்சு, இல்துத்மிஷ் மேலே எழுப்பினது. உயரம் சுமார் 73 மீட்டர். வடக்கே ஷாஜஹானாபாத், இப்போ நாம 'பழைய டில்லி'ங்கிறது. 1639-ல் ஆரம்பிச்சு 1648-ல் ஷாஜஹான் குடி புகுந்தார். ரெண்டுக்கும் நடுவுல வெள்ளைக்காரன் கட்டின புது டில்லி. தலைநகரம் கல்கத்தாவுலேர்ந்து டில்லிக்கு மாறும்னு 1911 டிசம்பர் 12-ல் தர்பார்ல ஐந்தாம் ஜார்ஜ் அறிவிச்சார். கட்டி முடிச்சுத் திறப்பு விழா நடத்த 1931 பிப்ரவரி ஆயிடுச்சு.

இதையெல்லாம் ஒரே நாள்ல எப்படிப் பார்க்கிறது? மெட்ரோவுல 'மஞ்சள் லைன்'னு ஒண்ணு இருக்கு. சாந்தினி சௌக்ல ஏறினா, சென்ட்ரல் செக்ரடேரியட் வழியா குதுப் மினார் ஸ்டேஷன் வரைக்கும் ஒரே வண்டி. (ஸ்டேஷன்லேர்ந்து மினாருக்குக் கொஞ்சம் தூரம், ஆட்டோ பிடிக்கணும்.) மூணு காலத்து டில்லியையும் ஒரே டிக்கெட்ல ஊசி நூல் மாதிரி கோத்து வெச்சிருக்காங்க.

முதல்ல சாந்தினி சௌக். ஷாஜஹானோட மகள் ஜஹானாரா அமைச்ச கடைவீதி. அந்தக் காலத்துல தெரு நடுவுல கால்வாய் ஓடிச்சு. 1908-லேர்ந்து 1963 வரைக்கும் பழைய டில்லியில டிராம் ஓடியிருக்கு. ஜும்மா மசூதி, சாந்தினி சௌக், சதர் பஜார்னு கடைத்தெரு ஜனங்க போற வழியில. அப்புறம் 'ஃபட்ஃபட்டி'ன்னு ஒரு விசித்திர வண்டி. இரண்டாம் உலகப் போர்ல ராணுவம் கழிச்சுப் போட்ட மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாடி சீட்டும் கூரையும் கட்டி, கன்னாட் பிளேசுக்கும் பழைய டில்லிக்கும் ஆள் ஏத்தியிருக்காங்க. புகை பிரச்சினையால 1998-ல் நிறுத்திட்டாங்க. இப்போ சாந்தினி சௌக் மெயின் ரோட்ல பகல்ல மோட்டார் வண்டிக்கே அனுமதி இல்லை. சைக்கிள் ரிக்‌ஷாவும் நம்ம காலும்தான். மாமாவுக்கு இந்தத் தெரு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கத்ராங்கிற துணிச் சந்துகள்ல நுழைஞ்சு, புடவையைத் தொட்டுப் பார்த்து, இழை எண்ணாத குறைதான் :-)

அங்கேர்ந்து சென்ட்ரல் செக்ரடேரியட். மேலே ஏறி வந்தா, கண்ணுக்கெட்டின தூரம் ஒரே நேர் ரோடு. கிங்ஸ்வேன்னு போட்டது, அப்புறம் ராஜ்பத், 2022-லேர்ந்து கர்த்தவ்ய பத். மாமா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பாவு இழுத்துக் கட்டின மாதிரி இருக்குடா"ன்னார். நெசவு ஊர்த் தெருக்கள் ஏன் நீளமா, நேரா இருக்குன்னு தெரியுமில்லையா? தெருவுலயே பாவு போட்டுக் கஞ்சி ஏத்தணும், அதுக்குத்தான். இங்கே இந்த ரோடு நேரா இருக்கிறது யானையும் குதிரையும் பட்டாளமும் ஊர்வலம் போக. ஒரு தெருவோட நீள அகலத்தைப் பார்த்தா, அதை யாருக்காகப் போட்டாங்கன்னு தெரிஞ்சுடும். டில்லி சுத்திப் பார்க்கிறவங்க மனசுல வெச்சுக்க வேண்டிய ஒரே சூத்திரம் இதுதான்னு எனக்குத் தோணுது.

இன்னொரு வேடிக்கை. தூரத்துலேர்ந்து பார்த்தா ராஷ்டிரபதி பவன் கம்பீரமாத் தெரியும். கிட்டே போகப் போக, மேட்டுச் சரிவுல அது கீழே இறங்கி மறைஞ்சு, விஜய் சௌக் பக்கம் வந்தா கோபுரத் தலை மட்டும்தான் எட்டிப் பார்க்கும். மாளிகையைக் கட்டினவர் லட்யன்ஸ்; ரெண்டு பக்கமும் செக்ரடேரியட்டைக் கட்டினவர் பேக்கர். சாலையோட சரிவை எப்படி விடறதுன்னு ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை, லட்யன்ஸ் தோத்துட்டார். 340 அறை மாளிகை, கிட்டே வர்றவங்களுக்கு ஒளிஞ்சுக்குது! டில்லி இன்னும் தூரம்ங்கிறதைக் கல்லுலயே கட்டி வெச்ச மாதிரி.

ரோட்டோட இன்னொரு கோடியில, இந்தியா கேட்டுக்குப் பின்னாடி ஒரு கல் மண்டபம். அதுல நின்ன ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968-ல் எடுத்துட்டாங்க. இப்போ அவர், தலைநகரம்னு தன் வாயால அறிவிச்ச அதே வடக்கு டில்லி தர்பார் மைதானத்துல, கொரனேஷன் பார்க்ல நின்னுக்கிட்டு இருக்கார். அவர் இருந்த மண்டபம் பல வருஷம் காலியாக் கிடந்து, 2022-ல் நேதாஜி வந்தார்.

இனிமே மாமா கேட்ட இடம். 144 தூண் வட்டக் கட்டடம், பழைய பாராளுமன்றம். 1927-ல் திறந்தது. 2023-ல் புதுக் கட்டடத்துக்குச் சபை மாறினதும் இதுக்கு சம்விதான் சதன்னு பேர் வெச்சுட்டாங்க. 1953 அக்டோபர்ல ஆந்திரா தனி மாநிலமா ஆனப்போ, சித்தூர் மாவட்டத்தோட திருத்தணி தாலுகாவும் அங்கே போயிடுச்சு. ம.பொ.சி., மங்கலங்கிழார் எல்லாரும் முன்னே நின்னு வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினாங்க. படாஸ்கர் நடுவரா இருந்து பேசி முடிச்சது, 1959-ல் இந்தப் பாராளுமன்றத்துல சட்டமாச்சு. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்தது. மாமா அப்போ சின்னப் பையன். வீடு மாறலை, தறி மாறலை; ராஜ்யம் மட்டும் மாறிச்சு. அப்புறம் 1969-ல் மெட்ராஸ் ராஜ்யமும் தமிழ்நாடுன்னு ஆச்சு.

கம்பிக்கு வெளியே நின்னு பார்த்துட்டு மாமா கேட்டார்: "இங்கே உட்கார்ந்து கோடு போட்டா அங்கே ஊர் நகருமா?"

நகர்ந்துதே! அது நமக்கு மட்டும் நகரலை. அதே சட்டத்துல செங்கல்பட்டு மாவட்டத்து சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போச்சு. அங்கேயும் தமிழ் பேசுறவங்க இருக்காங்க, இங்கேயும் தெலுங்கு பேசுறவங்க இருக்காங்க. நாம ஜெயிச்சோம்னு சொல்ற அதே நாள்ல, இன்னொரு தெருவுல எவனோ ஒருத்தன் இதே கேள்வியைக் கேட்டிருப்பான். எல்லைக் கதை பேசறப்போ இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பேசணும்.

இதுல எனக்கு மயிர்க்கூச்செறியற விஷயம் ஒண்ணு இருக்கு. 1888-ல் திருத்தணியில பிறந்த ராதாகிருஷ்ணன் 1952-லேர்ந்து 1962 வரைக்கும் துணை ஜனாதிபதி; அதனால மாநிலங்களவைத் தலைவர். அதாவது, பிறந்த ஊர் எந்த மாநிலம்னு முடிவு பண்ணின சட்டம் அந்தச் சபையைத் தாண்டினப்போ, சபைக்குத் தலைவர் திருத்தணிக்காரர்! அப்புறம் 1962-லேர்ந்து 67 வரைக்கும் அந்த ஒளிஞ்சுக்கிற மாளிகையில ஜனாதிபதியா இருந்தார். எங்க ஊர்ப் பழமொழியில வர்ற 'டில்லிக்கு ராஜா' எங்க மலையடிவாரத்துலேர்ந்தே போயிருக்கார்.

சாயங்காலம் ஹவுஸ் காஸ்ல வண்டி மாறி வசந்த் விஹார் போனோம். பக்கத்துல ஆர்.கே.புரம் மலை மந்திர். 1973-ல் கும்பாபிஷேகம் நடந்த சுவாமிநாத சுவாமி கோயில். வேலை தேடி வந்த தமிழங்க ஒரு குன்றைப் பார்த்தா சும்மா விடுவாங்களா? திருத்தணியில 365 படி ஏறுற மாமாவுக்கு இது ஒரு மலையாவே தெரியலை. ஆனா அரோகரா போட்டப்போ குரல் கொஞ்சம் கம்மிடுச்சு.

டில்லி மெட்ரோவோட முதல் வண்டி 2002 டிசம்பர் 24-ல் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் நடுவுல ஓடிச்சு, எட்டு கிலோமீட்டர் சொச்சம். ஷாதரா யமுனைக்கு அக்கரையில இருக்கிற, வேலைக்குப் போற ஜனங்க நெரியற இடம். எத்தனையோ ராஜாக்கள் ஊர்வலத்துக்கு ரோடு போட்ட ஊர்ல, டிபன் பாக்ஸ் தூக்குறவனுக்காக ஒரு பாதை அங்கேர்ந்து ஆரம்பிச்சது எனக்குப் பிடிச்சிருக்கு. அடுத்து டில்லி போறவங்க கோட்டையையும் கோபுரத்தையும் பாருங்க, வேண்டாங்கலை. அப்படியே அந்த வட்டக் கட்டடத்துக்கு எதிர்ல ரெண்டு நிமிஷம் நில்லுங்க. உங்க ஊர் விலாசத்துல ஒரு வரியாவது அங்கே எழுதினதா இருக்கும்.