தேசவழமையும் காணிக் கைமாற்றமும்

மாட்டை விற்பவன் கயிற்றை வாங்குவோன் கையிற் கொடுக்கின்றான். நகையை விற்பவன் நகையையே கொடுக்கின்றான். நிலத்தை அவ்வாறு எடுத்துக் கொடுத்தல் இயலாது. அது கிடந்த இடத்திலேயே கிடக்க, உரிமை மட்டும் ஒருவரை நீங்கி மற்றொருவரைச் சேர்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத இவ்வுரிமை மாறியமைக்குச் சான்று யாது? இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்து மக்களும் அவர்களை ஆண்ட அரசுகளும் காலந்தோறும் கண்ட விடைகளே நம் காணிச் சட்டத்தின் வரலாறாகும்.

முற்காலத்திலே சான்றாக நின்றது ஊரேயாம். இன்னார் காணி இன்னாருடையது என்பதை அயலவரும் உறவினரும் அறிந்திருந்தனர். ஆதலின் காணியை விற்க எண்ணியவன் தன் உரிமைக்காரருக்கும், பங்காளிகளுக்கும், அடுத்த நிலத்துக்குரியோராய் அக்காணியை ஈடாகப் பெற்றிருந்தோருக்கும் முன்னதாக அறிவித்தல் வேண்டும் என்பது வழக்காயிற்று. அவர்கள் வாங்க விரும்பின் பிறருக்கு விற்றலாகாது. முதுசொம் பிள்ளைகளுக்குட் பங்கிடப்படுந்தோறும் ஒரே வளவிற் பலர் பங்குடையராவர். ஒரு கிணற்றிலே பலர் முறைவைத்து நீரிறைப்பர். ஒரே ஒழுங்கையாற் பலர் போக்குவரவு செய்வர். அத்தகைய இடத்திற் புதியவரொருவர் புகுவது விற்போனையும் வாங்குவோனையும் மட்டும் பற்றிய செய்தியன்று. இதனையுணர்ந்தே முன்னோர் முற்கொள்ளல் என்னும் இவ்வுரிமையைப் போற்றினர்.

1658ஆம் ஆண்டிலே போத்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இவ்வழக்கங்களை எழுத்திற் பொறிக்க விரும்பினர். தேசாதிபதி கொர்னேலிஸ் ஜோன் சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவராகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றைத் திரட்டி 1707ஆம் ஆண்டில் ஒப்புவித்தார். அது தமிழிற் பெயர்க்கப்பட்டு, முதலியார்கள் பன்னிருவரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்தம் உடன்பாட்டையும் பெற்றது. அதுவே தேசவழமை என்னும் சட்டக்கோவையாகும். சீதனம், முதுசொம், தேடிய தேட்டம் என்னும் சொத்துப் பாகுபாடும், வட்டிக்கு ஈடாக நிலத்தின் பயனை நுகரும் ஒற்றி முறையும் அதனிடத்தே விரித்துரைக்கப்பட்டன.

ஒல்லாந்தர் காலத்திலே முன்னறிவித்தல் ஒரு புதிய உருவம் பெற்றது. காணி விற்கும் எண்ணத்தை விற்போர் தாம் சார்ந்த தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிப்படுத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. முற்கொள்ளும் உரிமையுடையோர் அக்காலத்துள் தம் உரிமையை எடுத்துரைக்கலாம். சைவர் வாழ்ந்த நாட்டிலே காணி விற்பனை தேவாலயத்திற் கூறப்பட்டமை வியப்பன்று. ஆட்சியாளரின் கோயிற்பற்றே அந்நாளில் ஊர்க் கணக்குக்கும் பதிவுக்கும் நிலைக்களனாயிருந்தது. காணிகளையும் அவற்றுக்குரியோரையும் குறித்த தோம்புகளையும் ஒல்லாந்தர் எழுதுவித்தனர். இன்றும் பழைய உறுதிகளிலே தோம்பிற் பதிந்த பெயர் காணப்படுதல் அதன் எச்சமேயாம்.

1796ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கையிலிருந்த கரையோர மாகாணங்கள் ஆங்கிலேயர் வசமாயின. அவர்கள் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்கு முழு வலுவளித்தனர். எனினும் கைமாற்றத்தின் சான்றைப் பொறுத்தமட்டிற் பெரிய மாற்றத்தைச் செய்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். வஞ்சனையையும் பொய்ச்சாட்சியையும் தடுத்தலே அதன் நோக்கம். அச்சட்டத்தின்படி காணி விற்பனை எழுத்திலிருத்தல் வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும், ஒருங்கே சமூகமளித்த சாட்சிகள் இருவருக்குக் குறையாதோர் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். அங்ஙனமன்றேல், பணங் கொடுத்திருப்பினும் வாய்ச்சொல்லாற் காணி கைமாறுவதில்லை. ஊரின் நினைவு வகித்த இடத்தை உறுதி பெற்றது.

நொத்தாரிசு முடிக்கும் உறுதி மூன்று படிகளாய் நிலைபெறும். மூலப்படி உரியவரைச் சேரும். மற்றொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். பிறிதொன்று நொத்தாரிசின் ஏட்டில் நிற்கும். பதிவு செய்தலின் பயனை 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் வரையறுத்தது. ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றாராயின், வஞ்சனையின்றி விலை கொடுத்து முந்திப் பதிந்தவருடைய உறுதி, முந்தி எழுதியும் பதியாதவருடைய உறுதியை வெல்லும்.

ஈண்டு மாணவர் கருத்திலிருத்த வேண்டியதொன்று உண்டு. பதிவகம் பதிவது ஆவணத்தையன்றி உரித்தையன்று. உரிமையில்லாதான் ஒருவன் எழுதிக்கொடுத்த உறுதி, பதியப்பட்டமையால் மட்டும் மெய்யுரிமை தருவதாகாது. இதனாலேயே காணி வாங்குவோர், பல்லாண்டுக்கு முற்பட்ட உறுதிகளையும் பதிவேட்டையும் தேடுவித்து, எல்லைகளையும் ஆட்சியையும் நேரிற் கண்டறிதல் இன்றியமையாததாகின்றது. உரித்தையே பதிந்து அரசு உறுதிப்படுத்தும் முறையை 1858ஆம் ஆண்டிலே தென் ஒஸ்திரேலியாவில் டொறன்ஸ் என்பார் நிறுவினார். இலங்கையில் அம்முறைக்கு 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் வழிவகுத்தது. ஆயினும் நாடெங்கும் அது நிறைவேறிற்றிலது.

பழைய வழமையும் மறைந்தொழியவில்லை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் முற்கொள்ளும் உரிமையை இரு வகுப்பினர்க்கென வரையறுத்தது: ஒரு வகுப்பினர் கூட்டுரித்தாளர், மற்றையோர், விற்போர் மரணசாதனமின்றி இறப்பின் அவர்க்கு உரிமைக்காரராகத் தக்கோர். ஒற்றி பிடித்த அயலவர் விலக்கப்பட்டனர். இவ்வாறு சுருங்கிய போதிலும், பங்குக் கிணற்றையும் பொது ஒழுங்கையையும் காத்த பழைய கருத்து எழுத்துச் சட்டத்துள்ளே வாழ்கின்றது.

வழமையின் மற்றொரு பகுதியைப் பற்றி அத்துணை மகிழ்வுடன் கூற இயலாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டம், மனைவியின் சீதனக் காணியை அவளது தனிச்சொத்தென ஏற்றது. ஆயினும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் அதனை விற்றலாகாதென்றும் விதித்தது. நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப்படின் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். தாயிடமிருந்து மகளுக்கு நிலம் வரும் மரபுடைய சமுதாயத்திலே, அந்நிலத்தைக் கையாளப் பிறர் ஒப்பம் வேண்டப்படுதல் பொருந்துமா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. உரிமை வேறு, ஆளுகை வேறு எனச் சட்டம் பிரித்தமைக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

சான்றின் அருமையை நம்மவர்க்கு மிகக் கொடிதாக உணர்த்தியது போர்க்காலமாகும். மக்கள் இடம்பெயர்ந்தபோது உறுதிகள் எரிந்தன, தொலைந்தன. எல்லை வேலிகள் அழிந்தன. எல்லையறிந்த முதியோர் மறைந்தனர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, 10 ஆண்டுகள் எதிரிடையாகத் தடையின்றி ஆண்டவர் உரித்துக் கோரலாம். ஓடிப்போனவர் காணியிற் பிறர் குடியிருந்தால் நேருங் கேடு எத்தகையது! ஆகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஆயுதக் குழுக்களின் செயல்களாற் காணியுரிமையை நாட முடியாதிருந்தோர் பொருட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கினின்று நீக்கி, வழக்குத் தொடுக்க 2 ஆண்டு எல்லையும் குறித்தது. கையிலிருந்த மூலப்படியை இழந்தவர்க்குப் பதிவகப் படியும் நொத்தாரிசின் ஏடுமே துணையாக நின்றன. ஏட்டிலே தேடுதற்கும் காணியின் பெயரும், குறிச்சியும், உறுதி முடித்த காலமும் வேண்டியிருந்தன. அவற்றைக் கூறவல்லார் எஞ்சியிருந்த குடும்பத்தினர், அறியாத குடும்பத்தினரினும் எளிதிற் கரையேறினர்.

இதனால் யாம் அறியத்தக்கது யாது? ஊர்ச்சான்று எழுத்துச் சான்றாக மாறியமையால் வஞ்சனை குறைந்தது. ஆனால் எழுத்தைப் பெட்டியிற் பூட்டிவைத்து அதன் பொருளை மறந்துவிட்டால் அச்சான்று ஊமையாகிவிடும். நம் வீடுகளிலுள்ள உறுதிகளை இளையோர் எடுத்துப் படித்தல் வேண்டும். எத்தனை பரப்பு, நான்கெல்லைக்குரியோர் யாவர், கிணற்றில் எத்தனை பங்கு, அது சீதனமோ முதுசொமோ தேடிய தேட்டமோ என்பவற்றை முதியோர் இருக்கும்போதே கேட்டறிதல் வேண்டும். 1707ஆம் ஆண்டிலே பன்னிரு முதலியார்கள் ஏட்டைப் படித்துப் பார்த்தபின்னரே உடன்பட்டனர். அக்கடன் இன்று படித்தோர் ஒவ்வொருவருக்கும் உரியதாகும்.